பன்னிரண்டாம் நாள் பிரிந்த தையல்

தங்கேஸ்வரி ஒருவனுடைய கையை வெட்டியது 2022ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. திருகோணமலை மீன் சந்தையில் அவள் மீன் வெட்டிக் கொடுப்பவள். கட்டையின் மேல் குனிந்து ஒரு பாரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மீனைக் கொண்டுவந்தவன் குடிவெறியில் இருந்தான். குனிந்திருந்தவளின் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுப் பிடித்துக் கசக்கினான். அவளுடைய வலது கையில் கத்தி இருந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு தெரியும் வரை அது இறங்கியது.

பொலிஸில் அவள் நீட்டி முழக்கவில்லை. "கையை உள்ளுக்கு விட்டவன். வெட்டினனான்" என்றாள். சந்தைப் பெண்கள் பதினொரு பேர் சாட்சி சொல்லப் போய் நின்றார்கள். வெட்டுப்பட்டவனுக்குப் பதினாறு தையல். அவன் முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டு போனான்.

அன்று மத்தியானம் அவளுடைய புருஷன் கதிரவேல் அவளை அடித்தான். "அவன் ஏன் உன்னைப் பிடிச்சவன்? எல்லாருக்கும் காட்டிக்கொண்டு குனிஞ்சு நிண்டா பிடிக்காமல் என்ன செய்வான்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

நானும் தங்கேஸ்வரியும் எங்கள் ஊரான சல்லியின் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பன்னிரண்டு வயதிலேயே அவளுக்கு மார்பு எங்கள் எல்லோரையும் விடப் பெரிதாகிவிட்டது. பெடியன்கள் வைத்த பட்டத்தை நான் இங்கே எழுத மாட்டேன். விளையாட்டுப் பாடத்துக்கு வந்த மாஸ்டர் ஒருவர் எங்கள் எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் கயிறு அடிக்கச் சொன்னார். ஒரு நாள், இரண்டு நாள் அடித்தாள். மூன்றாம் நாள் கயிற்றைக் கீழே போட்டாள், மதிலோரம் கிடந்த கல்லை எடுத்தாள், அவருடைய நெற்றியைப் பிளந்தாள். அத்தோடு அவளுடைய படிப்பு முடிந்தது. அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு.

பத்தொன்பது வயதில் கதிரவேலைக் கட்டினாள். அவன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவன். இருபது நாள் கடலில் நின்றால் பத்து நாள் வீட்டில். அந்தப் பத்து நாளில் எப்படியும் இரண்டு தரம் அடி விழும். முகத்தில் அடிக்க மாட்டான். முகத்தில் அடித்தால் ஊர் கேட்கும். மார்பில்தான் குத்துவான், திருகுவான். அதை அவள் இருபது வருஷம் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

கைவெட்டு நடந்து சில மாதத்தில் இன்னொன்று நடந்தது. அறுக்குளா ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய கத்தி வழுக்கி இடது சுட்டுவிரலின் நுனியை அரை நகத்தோடு கொண்டுபோனது. துண்டு மீனுக்குள் கிடந்தது. இரத்தத்தைக் கண்ட பிறகுதான் வெட்டுப்பட்டதே அவளுக்குத் தெரிந்தது. மார்பின் பாரம் கழுத்தை இழுத்து இழுத்து, விரல்கள் விறைத்து அவ்வளவு காலமாகிவிட்டது.

அந்தக் காயத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் மிட்வைஃப் ரபீக்கா அவளைப் பிடித்தார். ரபீக்கா மூதூர்க்காரி. எங்கள் பகுதிக்கு வந்து ஆறு வருஷம். "தங்கேசக்கா, உங்களைப் பொம்பிளையளைச் சோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு மூண்டு தரம் வரச் சொல்லி அனுப்பினன். இண்டைக்கு விடமாட்டன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

சட்டையைக் கழற்றியபோது ரபீக்கா பார்த்தவற்றைப் பிறகு நீதிமன்றத்திலும் சொன்னார். இரண்டு தோளிலும் பிராப் பட்டி அழுத்தி விழுந்த பள்ளம், ஒரு விரலை வைக்கலாம். மார்புக்கு அடியில் வேர்வை தேங்கி அழுகிய தோல், இரண்டு இடத்தில் சீழ். அதற்கு மேலே, ஐந்து விரலும் பதிந்த கறுப்புத் தழும்பு, பழையதும் புதியதும்.

"இது ஆர் செய்தது?"

"மீன்பெட்டி பட்டது, மிஸ்."

"மீன்பெட்டிக்கு அஞ்சு விரல் இல்லை, அக்கா."

தங்கேஸ்வரி சட்டையைப் போட்டாள். ரபீக்காவும் அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கழுத்து நோவையும் விரல் விறைப்பையும் எழுதி, கண்டியிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். மார்பைச் சிறிதாக்குகிற ஒப்பரேஷன் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அது சினிமாக்காரிகள் செய்கிற வேலை என்று நினைத்திருந்தோம்.

கண்டிக்கு அவளோடு போனது நான்தான். டொக்டர் ஹுஸ்னியா எங்கள் வயதை ஒத்தவர், அக்கரைப்பற்றுப் பெண், தமிழில் கதைத்தார். அதுவே பாதி நோவைக் குறைத்தது. அவளை நிற்க வைத்து, கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை நாடாவால் அளந்தார். முப்பத்தாறு சென்ரிமீற்றர். ஒரு கடுதாசியை எடுத்துக் கீறத் தொடங்கினார்.

"கொஞ்சமாக் குறைக்கிறதெண்டா காம்பைச் சுத்தி ஒரு வட்டம், அதிலயிருந்து கீழ ஒரு கோடு, அவ்வளவும் காணும். தழும்பு குறைவு. உங்களுக்கு அது சரிவராது, எடுக்க வேண்டியது கூட. வட்டம், கீழ கோடு, அடியில மடிப்போட குறுக்கால இன்னொரு கோடு. இப்படி."

கீறியதைப் பார்த்ததும் தங்கேஸ்வரி சொன்னாள். "நங்கூரம்."

"ஓம். நாங்களும் அதைத்தான் சொல்றது."

"காம்பை வெட்டுவீங்களோ?"

"முழுசா வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டுற முறையும் இருக்கு. மெத்தப் பெரிசா இருந்தா, சுகர் கூட இருந்தா அப்படிச் செய்வம். ஆனா பிறகு உணர்ச்சி இருக்காது. உங்களுக்கு அதை உள்பக்கத் தசையோட, இரத்தம் ஓடுற தண்டோட விட்டு, அப்படியே மேல தூக்கி வைக்கலாமெண்டு நினைக்கிறன். தண்டுக்கு இரத்தம் ஒழுங்காப் போகோணும். போகாட்டிக் காம்பு கறுத்துச் செத்துப்போம். வெத்திலையோட புகையிலை போடுறீங்களே?"

போட்டாள். காலை நாலு மணிக்குச் சந்தைக்கு இறங்கியதிலிருந்து வாய் ஓயாமல் போட்டாள்.

"புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கும். ஆறு கிழமை ஒரு துண்டும் போடாமல் இருந்தாத்தான் நான் கத்தியைத் தொடுவன்."

பிறகு படத்தில், கீழிறங்கும் கோடும் குறுக்குக் கோடும் சந்திக்கிற இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வைத்தார். "மூண்டு தையல் ஒண்டுசேர்ற இடம். ஆகலும் பலவீனமான இடம் இதுதான். நல்லா ஆறுற ஆக்களுக்கும் இதில கொஞ்சம் பிரியிறது உண்டு. இதில ஒரு அடி படக்கூடாது."

அடி என்ற சொல்லைக் கேட்டு நான் தங்கேஸ்வரியைப் பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் கையெழுத்து வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். "உங்கட உடம்பு. உங்கட கையெழுத்துக் காணும்" என்றார் டொக்டர்.

புகையிலையை விட்ட ஆறு கிழமையும் சந்தையில் அவளுக்குப் பக்கத்தில் போக ஏலாது. ஒரு வியாபாரியின் தராசைத் தூக்கி எறிந்தாள். என்னைப் பிடித்து ஏசினாள். வீட்டில் ஒரு குசினிச் சட்டி உடையாமல் மிஞ்சவில்லை. ஆனால் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. கதிரவேலிடம் மார்பில் கட்டி எடுக்கப் போவதாகச் சொல்லி, அவன் கடலுக்குப் போன மறுநாள் கண்டிக்கு பஸ் ஏறினோம்.

ஒப்பரேஷன் மூன்றரை மணித்தியாலம். வலப்பக்கம் தொள்ளாயிரத்து நாற்பது கிராம், இடப்பக்கம் எண்ணூற்று எழுபது. எடுத்த தசையைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். ஒன்றும் இருக்கவில்லை. நிறையைச் சொன்னபோது அவள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தாள். "எடி, ரெண்டு சூரை மீன். ரெண்டு சூரை மீனை இருபத்தெட்டு வருஷம் கழுத்தில கட்டித் தூக்கியிருக்கிறன்" என்றாள்.

நோ இருந்தது. விலாவில் இரண்டு குழாய் போட்டிருந்தார்கள், அதில் இரத்தமும் நீரும் இறங்கியது. இரண்டாம் நாள் அவற்றை இழுத்து எடுத்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். ஆனால் கழுத்து நிமிர்ந்து நின்றது. நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இறுக்கமான பிராவை இரவும் பகலும் போட வேண்டும், ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது, மூன்று கிழமைக்குக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக்கூடாது.

படகு இருபது நாள் நிற்கும் என்று நம்பியிருந்தோம். இயந்திரம் பழுதாகிப் பன்னிரண்டாம் நாளே திரும்பிவிட்டது. அவள் வீட்டில் தனியே இருந்தாள். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். இனிச் சொல்வது அவளே எனக்குச் சொன்னது. நீதவானுக்கும் இதையேதான் சொன்னாள்.

கதிரவேல் குடித்திருந்தான், ஆனால் நிற்க ஏலாத வெறி இல்லை. வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்கை அது?"

"வெட்டி எடுத்தாச்சு."

"கட்டியெண்டெல்லே சொன்னனீ?"

"பொய் சொன்னனான்."

"ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"என்னைக் கேட்டு."

முதல் குத்து வலப்பக்கம் விழுந்தது. கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தாள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இரண்டாவது இடப்பக்கம். கதிரையில் இருந்தவள் அதோடு பின்னால் சரிந்தாள். விழுந்தவளின் நெஞ்சில் குதிக்காலால் மிதித்தான். உள்ளே ஏதோ சீலை கிழிவதுபோல ஒவ்வொன்றாக விட்டது என்றாள். பிறகு சூடாக வயிறு வரை இறங்கியது.

"என்ர சாமானை வெட்ட நீ ஆரடி? ஆருக்குக் காட்ட வெட்டினனீ?" என்று கத்திக்கொண்டு, பிராவை இழுத்துப் பார்க்கக் குனிந்தான். அப்போது அவனுடைய வலது கை அவள் முகத்துக்குக் கிட்ட வந்தது. அவள் பெருவிரலைக் கடித்தாள்.

விடவில்லை. மற்றக் கையால் அவள் தலையில் குத்தினான், காதில் அடித்தான், தலைமயிரைப் பிடித்துத் தரையோடு மோதினான். மோத மோதப் பல் இன்னும் இறங்கியது. "விட்டால் திரும்ப நெஞ்சில மிதிப்பான். அதால விடேல்லை" என்றாள். பல்லுக்குள் எலும்பு தட்டியது. அதற்குப் பக்கத்தில் கயிறு போல ஒன்று இருந்தது, அதுவும் அறுந்தது. அப்போதுதான் அவன் வீரிட்டான். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் ஓடிவந்தது. அவள் இருபது வருஷம் கத்தியதற்கு ஒருவரும் வந்ததில்லை.

வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு றோட்டுக்கு நடந்தாள். ஓட்டோக்காரன் இரத்தத்தைப் பார்த்துத் தயங்கினான். "ஏத்துறியோ, உன்னையும் கடிக்கிறதோ?" என்று கேட்டாள். ஏற்றினான்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேரும்போது இடப்பக்கம் பந்து மாதிரி வீங்கிப் பளபளத்தது. உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. உடனே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து, உறைந்த இரத்தத்தை அள்ளி எடுத்து, கசிந்த இரத்தக் குழாயைச் சுட்டு மூடித் திரும்பத் தைத்தார்கள். அது காலத்தோடு நடந்தபடியால் அந்தப் பக்கம் தப்பியது.

வலப்பக்கம்தான் போனது. டொக்டர் புள்ளி வைத்துக் காட்டிய அதே இடம் வாய் மாதிரிப் பிளந்திருந்தது. மூன்றாம் நாள் காம்பைச் சுற்றிய வட்டத்தின் கீழ்ப்பாதி கறுத்தது. இங்குள்ள சத்திரசிகிச்சை டொக்டர் கண்டிக்குப் படம் அனுப்பிக் கதைத்தார். திரும்பத் தைக்க வேண்டாம் என்றார் டொக்டர் ஹுஸ்னியா. மிதிபட்டு அழுக்கான காயத்தை மூடித் தைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும். செத்த தசையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்தபடியே விட வேண்டும், அடியிலிருந்து புதுத்தசை வளர்ந்து அதுவாக மேலே வந்து மூடும்.

அது மூடுவதற்குப் பதினொரு கிழமை சென்றது. ஒவ்வொரு நாளும் உள்ளே அடைத்த துணியை இழுத்து எடுத்து, உப்புத் தண்ணியால் கழுவி, புதுத்துணி அடைக்க வேண்டும். முதல் இரண்டு கிழமையும் அழுகல் மணம் அடித்தது, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ரபீக்கா வேலை முடிந்து போகிற வழியில் வந்து மருந்து கட்டினார். துணி ஒட்டிக்கொண்டு வரும்போது தங்கேஸ்வரி வாயில் துவாயைக் கவ்விக்கொள்வாள். அந்தத் துவாய் கிழிந்தே போனது.

கதிரவேலைப் பொலிஸ் பிடித்து விளக்கமறியலில் போட்டது. அவனுடைய பெருவிரல் நரம்பு அறுந்து, கடிகாயம் சீழ் வைத்து, கடைசியில் மடங்காமலே நின்றுவிட்டது. இனி வலை இழுக்க ஏலாது. அவன் பக்கத்தாலும் ஒரு முறைப்பாடு போட்டார்கள். இவள் சந்தையில் ஒருவனை வெட்டியவள், கொலைகாரி என்று.

அவர்களுக்கு ஒரே மகள், நிஷாந்தினி, இருபது வயது. வெருகலில் கட்டிக் கொடுத்தது. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை. ஐந்தாம் கிழமைதான் வந்தாள். வந்தவள் கதிரையில் இருக்கவும் இல்லை.

"அம்மா, வழக்கை விடுங்கோ. அப்பா கை போன மனிசன். என்ர மாமி வீட்டில நான் தலை நிமிர ஏலாமல் கிடக்கு. நெஞ்சைக் குறைக்கப் போனவவாம், புருஷன்ர விரலைத் திண்டவவாம் எண்டு கதைக்கினம்."

ரபீக்கா அப்போதுதான் மருந்து கட்ட வந்தார். மகளை வெளியே போகச் சொல்லப் பார்த்தார். "நிக்கட்டும், மிஸ்" என்றாள் தாய்.

துணியை எடுத்தபோது அரைத் தேசிக்காய் வைக்கக்கூடிய குழி ஒன்று சிவப்பாகத் தெரிந்தது. ரபீக்கா விளக்கைப் பிடித்துக் கழுவினார். தங்கேஸ்வரி துவாயைக் கவ்வினாள். நிஷாந்தினி கிணற்றடிக்கு ஓடி ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். திரும்ப வந்து, கைகழுவி, விளக்கை வாங்கிப் பிடித்தாள். பஸ்ஸுக்குப் போகும்வரை வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

விசாரணையில் தன்னைச் சாட்சியாக அழைக்கச் சொல்லிக் கேட்டது நிஷாந்தினியேதான். தகப்பனைப் பார்க்காமல் நின்று சொன்னாள்: "எனக்கு எட்டு வயசில அப்பா அம்மாவை அலுமாரியோட சாத்தி, ஒரு பக்க மார்பைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில வைச்சுக் கதவை அடிச்சுச் சாத்தினவர். அம்மா மயங்கி விழுந்தா. அலுமாரி சரிஞ்சு விழுந்ததெண்டு வீட்டில எனக்குச் சொல்லித் தந்தவை, நானும் எல்லாருக்கும் அதையே சொன்னனான்."

நான் பின்வாங்கில் இருந்தேன். தங்கேஸ்வரி அழுததை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். கத்தியவளைப் பார்த்திருக்கிறேன். அழுதவளைப் பார்த்ததில்லை.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, ரபீக்காவின் சாட்சி, மகளின் சாட்சி. கதிரவேலுக்கு இரண்டு வருஷம் மறியல். கடித்தது தற்காப்பு என்று அவள்மேல் இருந்த வழக்கைத் தள்ளினார்கள். அவன் அவளுக்குக் கிட்ட வரக்கூடாது என்ற கட்டளையும் கிடைத்தது.

ஒப்பரேஷன் நடந்து ஒன்றரை வருஷம் கழித்து அவளோடு மீண்டும் கண்டிக்குப் போனேன். இடப்பக்கத் தழும்பு நைலோன் நூல் மாதிரி மெல்லிசாக வெளுத்துவிட்டது. ஒன்பதாம் மாதம் குளிக்கும்போது அந்தப் பக்கக் காம்பில் குளிர் தெரிந்தது என்று அவள் சொன்னதும் டொக்டர் சிரித்தார். வலப்பக்கத் தழும்பு விரலகலம், சுருங்கி உள்ளே இழுத்திருந்தது. வட்டத்தின் கீழ்ப்பாதிக்கு நிறமில்லை, உணர்ச்சியும் இல்லை. கைவிறைப்பு முற்றாகப் போய்விட்டது, அடிப்புண்ணும் இல்லை. தோள் பள்ளம் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"தழும்பை வெட்டித் திருத்தலாம். நிறத்தையும் பச்சை குத்துற மாதிரிப் போட்டு விடலாம். நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர் ஹுஸ்னியா.

"யோசிக்க ஒண்டும் இல்லை, டொக்டர். நீங்கள் செய்ததில பிழை இல்லை. ஆறினது காணும்."

போன மாதம் கதிரவேல் வெளியே வந்தான். நாலாம் நாள் சந்தைக்குள் வந்து அவளுடைய கட்டைக்கு முன்னால் நின்றான். நான் அப்போது அங்கே மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். ஆள் மெலிந்திருந்தான்.

"வீட்டைத் திறக்கோணும். திறப்பைத் தா" என்றான்.

"வீடு என்ர பேரில. கட்டளை இருக்கு. போ."

அவன் கட்டையைக் காலால் தள்ளினான். மீன் எல்லாம் நிலத்தில் கொட்டுப்பட்டது. அவள் எழும்பினாள். சுற்றிவர இருந்த பெண்கள் வெட்டுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி ஒரு வாளி மீன்கழிவைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். இன்னொருத்தி தும்புத்தடியால் முதுகில் போட்டாள். பிறகு எத்தனை பேர் அடித்தார்கள் என்று எண்ண ஏலாது. தங்கேஸ்வரி அடிக்கவில்லை. பொலிஸ் வந்துதான் அவனை எடுத்தது. பிணையில் வந்து இப்போது சம்பூரில் ஒரு தோட்டத்தில் நிற்கிறான் என்று கேள்வி.

அவள் கொட்டுப்பட்ட மீனைப் பொறுக்கி வாளியில் போட்டாள். பிறகு தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னாள். "பயம் போகேல்லையடி. ஆராவது பின்னால வேகமா நடந்து வந்தா நெஞ்சைப் பொத்துறன். அதுவும் வலப்பக்கத்தைத்தான். உணர்ச்சியே இல்லாத பக்கத்தை ஏன் பொத்துறன் எண்டு எனக்கே விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை. இதையெல்லாம் எழுதட்டோ என்று கேட்டேன். எழுது, ஆனால் பேரை மாற்றாதே என்றாள். வெள்ளிக்கிழமைகளில் நிஷாந்தினி வெருகலிலிருந்து வந்து நிற்கிறாள். அன்றைக்கு மட்டும் தங்கேஸ்வரி சந்தையிலிருந்து பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறாள்.